மஹர் சங்கிலி

"சம்பந்தி தப்பா நினைக்கக் கூடாது. நம்பிக்கை இல்லாம இல்ல. கல்லுல ஒரு தடவை உரசிப் பாத்துட்டா மனசுக்கு நிம்மதி, அவ்வளவுதான்" என்றார் காஜா மைதீன், இரண்டாம் தட்டுப் பிரியாணியை முடித்துக் கையலம்பிவிட்டு. நம்பிக்கை அவருக்கு ஏராளம். அதனால்தான் நல்லதம்பிப் பத்தரைக் கையோடு கூட்டிவந்திருந்தார்.

பாலக்கரையில் குடைக்கடை வைத்திருக்கும் ஜெகபர் அலியின் முகம் சுண்டிப்போயிற்று. மகள் வஹீதாவுக்கு நிச்சயம். பேசியபடி பதினைந்து பவுன், இருபத்திரண்டு காரட், பாயில் பரப்பியிருந்தது. எல்லாம் மனைவி ஷரீபாவின் கழுத்திலும் கையிலும் இருந்து இறங்கியவை.

பத்தர் உரைகல்லை எடுத்து வைத்தார். பதினாலு காரட்டுக்கு மேல் புதுநகை செய்யக் கூடாது என்று 1963 ஜனவரியில் சர்க்கார் உத்தரவு போட்டதிலிருந்து அவர் பட்டறையில் நெருப்பு எரிவதே அபூர்வம். ஊரார் நகையை உரசித்தான் அரிசி வாங்கினார். இன்றைய கூலி பத்து ரூபாய். ஐந்து, உரசுவதற்கு. மீதி ஐந்து, காஜா மைதீன் இருமும்போது "மாற்று குறையுது" என்று சொல்வதற்கு. தங்கத்தின் தரம் குறைவென்றால் இன்னும் மூன்று பவுன் கேட்கலாம். அந்த மூன்று பவுனுக்கு ஜெகபர் அலி கடையைத்தான் விற்கவேண்டும்.

"கடை முத்திரை இருக்கே பத்தரே?" என்றார் ஜெகபர் அலி.

"முத்திரை, அடிச்சவன் சொல்றதுங்க. சாட்சி சொல்றது கல்லுதான்."

வளையலால் கல்லில் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில், ஒப்பிட வைத்திருந்த இருபத்திரண்டு காரட் ஆணியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் திராவகம். இரண்டும் ஒரே மஞ்சளாய் அசையாமல் நின்றன. ஒவ்வொரு நகைக்கும் அப்படியே.

காஜா மைதீன் இருமினார். பத்தர் கல்லைத் துணியால் துடைத்தார். மறுபடி இருமினார், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியவர் மாதிரி. ஷரீபா பதறிப்போய் வெந்நீர் கொண்டுவந்தாள்.

"மாற்று..." என்று பத்தர் இழுத்தார்.

"பத்தரய்யா" என்றது திரைக்குப் பின்னாலிருந்து வஹீதாவின் குரல். "கல்லை உள்ள வைக்கறதுக்கு முன்னாடி அந்த மஹர் சங்கிலியையும் உரசிடுங்க."

மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்தே தீரவேண்டியது மஹர். மார்க்கம் சொன்னது அதைத்தான். பெண் வீட்டைச் சுரண்டுவது ஊர் தானாகக் கற்றுக்கொண்ட வித்தை.

"பொம்பளப்புள்ள பேசற பேச்சா இது?"

"வாங்கறவங்க உரசிப் பாக்கலாம்னா, மஹர் வாங்கறவ நான்தானே மாமா?"

மாப்பிள்ளை வீட்டு வெல்வெட் பெட்டி திறந்தது. பத்தருக்கு அதை உரசவே வேண்டாம். பத்து நாள் முன்பு அவர் செய்ததுதான். கொக்கிக்குப் பின்னால் பொடியாகப் '14' அடித்ததும் அவர் கைதான். ஆனாலும் உரசினார். திராவகம் பட்டதும் கோடு கரைந்து காணாமல் போயிற்று.

பத்தர் ஐந்து ரூபாயைத் தலைமுழுகினார். "பொண்ணு வீட்டு நகை சுத்தமான இருபத்திரண்டுங்க. இது பதினாலு."

"சர்க்கார் சட்டம்யா அது!" காஜா மைதீன் துள்ளினார். "நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்!"

"எங்களையும் கட்டுப்பட விடுங்க மாமா. பதினஞ்சு பவுனையும் பதினாலு காரட்லயே புதுசா செஞ்சு போட்டுக்கறேன்."

மாப்பிள்ளை பஷீர் அகமது, பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப் குமாஸ்தா, கைக்குட்டையை நாலாக மடித்து, பிரித்து, எட்டாக மடித்துக்கொண்டிருந்தான். அப்பா எழுந்ததும் அவனும் எழுந்தான். சங்கிலியை மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

வஹீதா திரையை விலக்கிக்கொண்டு வந்து, வளையல்களை அம்மாவின் கையிலேயே மாட்டிவிட்டாள்.

பெண்ணுக்கு வாய் நீளம் என்று தெருவெல்லாம் பேசிற்று. சங்கிலிக்கு மாற்று குறைவு என்று ஒருவரும் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்துக் காஜா மைதீன் பட்டறைக்கு வந்தார்.

"உறையூர்ல ஒரு இடம் தகைஞ்சிருக்கு பத்தரே. கொக்கிக்குப் பின்னால இருக்கற அந்தப் பதினாலை மட்டும் அராவிடுங்க."

"அதுக்கென்னங்க."

பத்தர் அதை வழித்து எடுத்தார். காஜா மைதீன் பீடி பற்றவைக்க வாசலுக்குப் போன சமயம், சங்கிலிப் பதக்கத்தை முன்பக்கமாகத் திருப்பிப் பெரிய உளிமுத்திரையாக எடுத்து, பூவேலைக்கு நட்டநடுவில் ஒன்றும் நாலுமாக இரண்டு தட்டுத் தட்டினார். திரைக்குப் பின்னால் நிற்கிற பெண்ணும் எழுத்துக் கூட்டாமல் படிக்கலாம்.

ரோஸ் காகிதத்தில் மடித்து நீட்டினார்.

"பின்னால ஒண்ணும் இல்லீங்க இப்ப."