மறைப்புத் துணி

"காத்துல சேலை நிக்க மாட்டேங்குது, மறைப்புக்கு வேற துணி குடுடா" என்று கொல்லையிலிருந்து அக்கா மீனாட்சி கத்தினாள். தங்கவேல் தறிமேல் கிடந்த வெள்ளைத் துணியை உருவிக் கொடுத்தான். நெஞ்சு வலிக்கிறது என்று படுத்த அவன் மனைவி அமுதம் விடியுமுன் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளை அங்கே குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

துணி அவள் நெய்ததுதான். பாண்டியில் ஏதோ கண்காட்சி பார்த்துவிட்டு வந்து, குறுக்கே ஓடும் ஊடை நூலை ஓரிடத்தில் நெருக்கியும் ஓரிடத்தில் இளக்கியும் மழைக்காலம் முழுக்க நெய்தாள். கட்டிக்கொள்ள இல்லையாம், வெளிச்சத்துக்கு எதிரே தொங்கவிடவாம். நெய்கிறவனுக்கு ஏன் குரங்குக்குட்டி என்று பழமொழி சொல்லித் தங்கவேல் சிரித்தான். இழை சரியில்லை என்று நெசவாளர் சொசைட்டியிலும் திருப்பிவிட்டார்கள்.

"ஒரு தபா வெளிச்சத்துல புடிச்சுப் பாருய்யா" என்று கெஞ்சினாள்.

"கட்டாத துணி இன்னாடி துணி?" என்று அவன் எழுந்து போய்விட்டான்.

ஆண்கள் கொல்லைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டு அவன் மட்டும் திரும்பினான். துணிக்குப் பின்னால் காலை வெயில். வெற்று வெள்ளையாக இருந்த துணியில் செல்லிப்பட்டு ஆறு ஓடியது. நாணல், மணல்திட்டு, கரையில் ஒற்றை ஆள். ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்குள் மீனாட்சி குரல் கொடுத்தாள்.

"வெளிய தெரியுதுடி, ரெண்டா மடிச்சுப் புடிங்க!"

மடித்தார்கள். ஆறு மறைந்துவிட்டது. இதைத்தானே பார்க்கச் சொன்னாள் என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. இன்னொரு முறை பார்க்காவிட்டால் சோறு இறங்காது என்று தோன்றியது.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது துணி வெளுக்கும் ஏகாலி குழந்தைவேல் சாவுத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த வெள்ளத் துணிய மட்டும் குடு குழந்தைவேலு."

"தீட்டுத் துணிடா அது! வூட்டுல வைக்கலாமா?" என்றாள் மீனாட்சி.

"என் பொண்டாட்டி நெய்ஞ்சது, அக்கா."

"அப்ப அதுங்கூடவே குந்து. நான் இங்க தங்க மாட்டேன்."

குழந்தைவேல் மூட்டையை அவிழ்த்துக் கொடுத்தார். உறவுக்காரர்கள் மதகடிப்பட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். மீனாட்சியும் அவர்களோடு போய்விட்டாள். பிள்ளையில்லாத வீடு, கூப்பிட வேறு ஆளில்லை.

மேற்கே இன்னும் வெயில் இருந்தது. ஒரு முனையை முருங்கையில் கட்டினான். மறுமுனையைக் கட்ட எதிரே ஒன்றுமில்லை, கையில் இழுத்துப் பிடித்தான். ஓரத்தில் நின்றவனுக்குத் துணியின் விளிம்புதான் தெரிந்தது. முன்னால் போய்ப் பார்க்கலாம் என்று விட்டால் துணி சரிந்து தரையில் விழுந்தது. எடுத்து உதறி, மறுபடியும் இழுத்துப் பிடித்தான்.

வெயில் இறங்கும்வரை அந்த முனையை விடாமல் நின்றான்.