மாமி கேட்ட பெயர்

ஈரக் கூந்தலை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியை என் முழங்கையில் போட்டுக்கொண்டு சீப்பை மெல்ல இறக்குகிறேன், தொண்ணூற்றொரு வயதிலும் மாமிக்கு இடுப்பைத் தொடும் முடி, உப்பளத்தில் வெயில் ஏறும்போது கண்ணைக் கூசவைக்கும் அந்த வெள்ளை, தலை நிற்காமல் என் தோளில் சாய்கிறது, கழுத்தில் இன்னும் சூடு இருப்பதுபோலத் தோன்ற, வலிக்குதா மாமி என்று கேட்டுவிடுகிறேன், பக்கத்தில் புதுச்சேலையோடு நிற்கும் பெண்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். என் கணவரின் அம்மா இறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

செலஸ்தீனா என்று பெயர், மணப்பாட்டிலிருந்து பதினேழு வயதில் தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், கொழும்புக்குத் தோணி ஓட்டிய அவள் கணவர் கஸ்பார் ஒரு மார்கழிப் புயலோடு போய்விட்டார், அப்போது அவளுக்கு முப்பத்துமூன்று, ஐந்து பிள்ளைகள், கறுப்புச் சேலையோடு வீட்டுக்குள் உட்காரச் சொன்னார்களாம், அவள் துறைமுகத்துக்குப் போய்த் தோணிக்காரர்களுக்கு உலை வைத்தாள், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு தோணியே அவளுடையதாகி, இன்றைக்குக் காற்று எப்படி, கிளம்பலாமா என்று மீசை நரைத்த ஆண்கள் வாசலில் நின்று கேட்டார்கள், தெருவில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில்தான் முதல் அழுகை அழுதார்கள், சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பிகள் அவள் போட்ட ஒரே சோற்றுத் தட்டில் கைவைத்துச் சேர்ந்தார்கள். நான் நாகர்கோவிலிலிருந்து தாயில்லாத பெண்ணாக அவளுடைய கடைசி மகன் இன்னாசிக்கு மனைவியாக வந்தேன், என் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்தபோது எல்லோரும் அடுத்தது நிற்கும் என்று தேற்றினார்கள், மாமி மட்டும் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, பத்து நாளும் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தாள், ஏளா, அழு, யார் கேட்டாலும் நான் சொல்லிக்கிடுதேன் என்றாள், அன்றிலிருந்து எனக்கு அம்மா இல்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் புரியாமல் இருந்தது, பகலில் எங்கள் வாசல் கதவை யாரும் சாத்தக் கூடாது, மழை சாய்ந்து அடித்தாலும், நாய் உள்ளே வந்தாலும். நான் வாழ வந்து பன்னிரண்டாம் வருடம், ஒரு ஆடிக் காற்றில் மண் அடிக்கிறதே என்று சாத்திவிட்டேன், அடுக்களையிலிருந்து மாமி ஓடி வருகிறாள், கையெல்லாம் மாவு, கதவை இழுத்துத் திறந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்க்கிறாள், அன்றுதான் இன்னாசி சொன்னார், நாங்கள் நாலு பேர் இல்லை, ஐந்து பேர், மூத்தவள் பிரகாசி. பத்தொன்பது வயதில் உப்பு லாரி ஓட்டிய வேல்மயில் என்பவரோடு போய்விட்டாள், வேற்று மதம், வேற்றுச் சாதி, எனக்கு நாலு பிள்ளைதான் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள், அடுத்த வருடம் ஒரு காலையில் நாற்பது நாள் குழந்தையோடு பிரகாசி வாசலில் வந்து நின்றாள், ஏழு மணியிலிருந்து கோயிலில் மத்தியான மணி அடிக்கும்வரை. கதவு சாத்தியிருந்தது, உள்ளே அம்மா நின்றாள், ஒன்பது வயது இன்னாசி பக்கத்தில், கதவுக்கு அடியில் அக்காவின் பாதங்கள் தெரிந்தன, அவர் வாயை அம்மாவின் உள்ளங்கை பொத்தியிருந்தது, ஒரு தடவ பிள்ளையப் பாரும்மா, நான் போயிருதேன் என்று வெளியிலிருந்து குரல், பிறகு குழந்தையின் சிணுங்கல், பிறகு பாதங்கள் இல்லை. இரண்டு மாதத்தில் காய்ச்சல் கண்டு குழந்தை போய்விட்டதாகச் செய்தி வந்தது, பெண் குழந்தை என்பதே அப்போதுதான் தெரிந்தது. அம்மா இரண்டு முறை அக்கா இருந்த அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினாளாம், இரண்டு முறையும் அந்த ஊர்ப் பஸ் நிலையத்திலிருந்தே திரும்பி வந்துவிட்டாள்.

கடைசி மாதத்தில் மாமிக்கு நாள் நேரம் எல்லாம் கலங்கிப்போயிற்று, வாசல்ல யாரோ நிக்காங்க, பாரு என்பாள், போய்ப் பார்ப்பேன், வெயில்தான் நிற்கும், யாருமில்ல மாமி என்றால் நம்பமாட்டாள், மறுபடி போவேன், ஒரு மத்தியானம் படியில் இரண்டு ஈரப் பாதத் தடங்கள் கிடந்தன, பார்க்கப் பார்க்கக் காய்ந்து மறைந்தன, நான் கால் கழுவி வந்த தடமாகவும் இருக்கலாம், நான் அன்று கால் கழுவினேனா என்று இப்போதும் நினைவில்லை. அதற்கு மறுநாள் மத்தியானம், கஞ்சி புகட்ட உட்கார்ந்தேன், மாமி என் முகத்தைத் தடவிப் பார்த்தாள், மூக்கு, காது, காதில் தோடு இருக்கிறதா என்று, பிரகாசியா என்றாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள்தான், ஆமாம்மா என்று சொல்கிறேன், அந்தக் குரல் என்னுடையதுபோல இல்லை, ரொம்ப நேரமா நிக்கியாளா என்கிறாள், இல்லம்மா, இப்பதான் வந்தேன் என்கிறேன், பிள்ளைக்கு என்ன பேரு வச்ச என்று கேட்கிறாள், எனக்குத் தெரியாது, இன்னாசிக்கும் தெரியாது, அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது, கஞ்சி என் கையில் ஆறுகிறது, உங்க பேருதாம்மா, செலஸ்தீனா என்றேன். மாமியின் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது, அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான், எம்மேல கோவமா என்றாள், கோவமே இல்லம்மா என்றேன், என் விரல் நாலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூங்கினாள், பிறகு பேசவில்லை, இரண்டாம் நாள் காலை மூச்சு நின்றது.

கூந்தலை முடிந்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் ஒரு அம்மாள் நின்றிருந்தாள், ஒல்லியாக, கையில் ஒரு துணிப்பையோடு, திறந்த கதவுக்கு வெளியே, காலையில்தான் இன்னாசி யாரிடமோ எண் வாங்கிப் போன் செய்திருந்தார், எழுபத்திரண்டு வயதுப் பிரகாசியை நான் அப்போதுதான் பார்க்கிறேன், வாங்க மதினி என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன், மாமியின் பக்கத்தில் போகாமல் சுவரோரம் உட்கார்ந்தாள், என்னைக் கேட்டாங்களா என்று மெதுவாகக் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மறைக்க என்னால் முடியவில்லை, சொல்லி முடித்ததும் அவள் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைக்குப் பேரே வைக்கல, அம்மா கையில குடுத்து அவங்க வாயால கூப்பிடணும்னுதான் நாப்பது நாளும் வைக்காம வச்சிருந்தேன், அப்புறம் வைக்கத் தோணல என்றாள். துணிப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள், கோவம் இல்லைன்னு நீங்க சொல்லியிருக்கக் கூடாது, எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான், அதையும் நீங்க எடுத்துக் குடுத்துட்டீங்க.

நான் அவள் காலைத் தொடப் போனேன், அவள் காலை இழுத்துக்கொண்டாள். கல்லறையில் எல்லோரும் மண் போட்டார்கள், அவளும் போட்டாள், அன்று சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டாள், என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அதன்பின் என் நாட்கள் சரியாக இல்லை, சோறு வடிக்கும்போது, துணி உலர்த்தும்போது, பிரகாசி என்று பின்னாலிருந்து கேட்கும், இதோ வந்துட்டேம்மா என்று சொல்லிவிட்டு நிற்பேன், யாரிடம் சொன்னேன் என்று இன்னாசி பார்ப்பார், ஒருத்தியின் மன்னிப்பைத் திருடி இன்னொருத்திக்குக் கொடுத்தவள் நான், மாமி நிம்மதியாகப் போனாள் என்று ஊரே சொல்கிறது, அந்த நிம்மதி பொய்யில் கட்டியது என்று எனக்கும் மதினிக்கும்தான் தெரியும், ஆனாலும் அந்த மத்தியானம் திரும்ப வந்தால் நான் வேறு என்ன சொல்வேன். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது, மாமியின் கல்லறையைக் கழுவிப் பூ வைத்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து யாரோ குந்தி உட்கார்ந்தார்கள், மதினி, துணிப்பையிலிருந்து இரண்டு மெழுகுவர்த்தி எடுத்தாள், காற்றில் அணைந்து அணைந்து போக நான் கைகுவித்து மறைத்தேன், அவள் ஏற்றினாள், இரண்டாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை, ரெண்டும் செலஸ்தீனாவுக்கு என்று அவளே சொன்னாள். கோபம் போய்விட்டதா என்று அந்த முகத்தில் தேடினேன், ஒன்றும் தெரியவில்லை. கல்லறைகளுக்கு நடுவில் பூ விற்பவர்களும் குழந்தைகளுமாகக் கூட்டம் நெருக்கியது, எங்களுக்குப் பின்னால் ஏதோ ஒரு வயதான குரல், பிரகாசி என்று கூப்பிட்டது, யாரையோ, எந்த வீட்டுப் பெண்ணையோ, நாங்கள் இருவருமே திரும்பிப் பார்த்தோம்.