பௌர்ணமியன்று எழுதிய பிரஷர்

படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள எழிலரசியை அனுப்பும் கம்பெனியிலிருந்து, சேவை எப்படி என்று விசாரிக்க ஒருவர் வந்தார். அவள் தினமும் அப்பாவின் பிரஷரை எழுதி வீட்டாரிடம் கையெழுத்து வாங்கும் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஒருநாள்கூட லீவு இல்ல. நல்ல சர்வீஸ்ங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பௌர்ணமிக்கும் பிரஷர் எழுதியிருக்கு பாருங்க. அன்னிக்கு கிரிவலக் கூட்டம் ஜாஸ்தி, பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. அந்தப் பொண்ணு வரவேயில்ல. நான்தான் அப்பாவைக் குளிப்பாட்டினேன்."

அவர் நோட்டை என் பக்கம் திருப்பினார். "கையெழுத்து உங்களுதுதானே?"

என்னுடையதுதான். தினமும் எதற்குத் தொல்லை என்று, ஒன்றாம் தேதியே மாதம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

சேவைக்கு மார்க் போடும் ஃபாரம் ஒன்றை, ஒன்றும் எழுதாமலே நீட்டினார். "இதுலயும் ஒரு கையெழுத்துப் போடுங்க. மார்க்கை நான் போட்டுக்கறேன்."