மேடையில் கிடைத்த அனுமதி

தர்மபுரி மாவட்டத்தின் பஸ் நேரங்களைச் சொல்லும் செயலி ஒன்றை ஏழெட்டுப் பேர் சம்பளமில்லாமல் சேர்ந்து நடத்தினார்கள். அதன் நிரல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருந்தது. யாரும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் அதைச் சேர்க்கும் அனுமதி, செயலியைத் தொடங்கிய தௌசீபிடம் மட்டுமே இருந்தது. அவனுடைய கல்யாணத்தன்று மத்தியானம் அரூர் பஸ்கள் தலைகீழாயின. சாயங்கால வண்டிகளெல்லாம் விடியற்காலையே போய்விட்டதாகச் செயலி சொன்னது.

இண்டூரில் இருந்த பூவிழி பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தம் அனுப்பினாள். அனுமதி தர வேண்டியவனின் போன் அணைந்திருந்தது.

கூட வேலை செய்யும் மாதவராஜைக் கூப்பிட்டாள்.

"நிரல ஒரு காப்பி எடுத்து நாமளே தனிச் செயலியா ஓட்டிடலாங்க," என்றான் அவன்.

"ஜனங்க போன்ல இருக்கறது பழசு தானே? நான் மண்டபத்துக்கே போறேன்."

இரண்டு வருடமாகச் சேர்ந்து வேலை செய்தும் தௌசீபை அவள் நேரில் பார்த்ததில்லை. பரிசோடு நின்றவர்களின் வரிசையில் நகர்ந்து மேடையேறினாள்.

"நான் பூவிழிங்க. அரூர் பஸ் எல்லாம் தப்பா காட்டுது. நீங்க நேத்து ராத்திரி அவசரமா சேத்த மாத்தம்தான் காரணம்."

மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "போன் அம்மாகிட்ட இருக்குதுங்க."

பக்கத்தில் நின்ற அவன் அம்மா அஸ்கரி பேகம் கைப்பையை இறுக்கிக்கொண்டார். "இன்னிக்கு அவனுக்கு லீவு. நீ போயி சாப்புடும்மா."

"எங்க தாய்மாமாவும் அதப் பாத்துட்டுதான் பஸ் இல்லன்னு அரூர்லயே உக்காந்திருக்காரு," என்றாள் மணப்பெண் ஆஷிகா. "குடுத்துடுங்க மாமி."

பை திறந்தது. போட்டோகிராபர் முறைத்துக்கொண்டு நின்றார்.

"இத சேத்துட்டா போதுங்களா?" என்றான் தௌசீப்.

"போதாதுங்க. எங்களுக்கும் அனுமதி குடுங்கன்னு எத்தன தடவ கேட்டேன்?"

"நம்பாம இல்லீங்க. யாராச்சும் கெடுத்துடுவாங்களோன்னு பயம்."

"ஒருத்தர் எழுதுனா இன்னொருத்தர் பாத்துட்டுதான் சேக்கணும்னு வெச்சுடலாம். நீங்க எழுதுனாலும்."

தௌசீப் சிரித்துவிட்டான். பூவிழிக்கும் மாதவராஜுக்கும் தனக்குள்ள அதே உரிமையைக் கொடுத்துவிட்டு, போனை அம்மாவிடமே நீட்டினான்.

பூவிழி பந்தியில் உட்கார்ந்தபோது மாதவராஜின் செய்தி வந்தது: "பாத்துட்டேன், சேத்தாச்சு." செயலியைத் திறந்தாள். அரூர் பஸ்கள் சாயங்காலத்துக்கே திரும்பியிருந்தன. அதன் பிறகுதான் பிரியாணியின் வாசனையே அவளுக்கு உறைத்தது.

"ஆஷிகாவோட மாமா பஸ் ஏறிட்டாராம்," என்றபடி அஸ்கரி பேகம் வந்து, அவள் இலையில் இன்னொரு கறித்துண்டை வைத்தார்.