ஒரே ஒரு எறும்பு

முட்டியின்மேல் ஐஸ்கட்டி உருகி வழிகிறது, வழிகிற தண்ணீர்மேல் ஆணை, இதில் ஒரு சொல் பொய்யில்லை, பக்கத்தில் மதிவதனி உட்கார்ந்திருக்கிறாள், என் மகள், வயிற்றில் பிள்ளை, அவளுக்கு இன்று நான் பதில் சொல்லியாக வேண்டும், எனக்கோ ரத்தம் உறையாது, ஹீமோபிலியா என்று பேர், அடிபடாமலே மூட்டுக்குள் கசியும், முதலில் ஒரு குறுகுறுப்பு, பிறகு சூடு, பிறகு முட்டி பானையாக உப்பி நீட்டவும் விடாது மடக்கவும் விடாது, வலி மாத்திரையிலும் பாதி எங்களுக்கு ஆகாது, ரத்தத்தை இன்னும் இளக்கிவிடும், அதனால் சின்ன வயதில் அம்மா மீன் கம்பெனி ஐஸை வாங்கிவந்து சாக்கில் சுற்றிக் கட்டுவாள், அந்த வாசத்துக்குத் தூத்துக்குடிப் பூனைகள் மொத்தமும் எங்கள் வாசலில் வரிசை கட்டின, டோக்கன் கொடுத்துத்தான் உள்ளே விட்டோம், கத்தினா பூனை போயிரும்டா என்பாள் அம்மா, நான் கத்தவில்லை, வலியோடு இருக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான், சாக்கைப் பிடித்திருந்த கை அம்மாவுடையதா மதிவதனியுடையதா, இப்போது பார்த்தால் மதிவதனிதான், அவளுக்கு எப்போதும் முப்பது வயதுதான்.

பூனைக்கதை போதும்ப்பா, என்கிறாள், உங்க மக அப்படிங்கிறதால இது எனக்குள்ளயும் இருக்காம், பையனாப் பொறந்தா பாதிக்குப் பாதி வருமாம், டாக்டரம்மா சொல்லிட்டாங்க, பெத்துக்கவா வேண்டாமா, வலி எப்படி இருக்கும்னு இன்னைக்காவது நெசத்தச் சொல்லுங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் தாயி, என்கிறேன், எத்தனை எறும்பு, ஒண்ணே ஒண்ணுதான், எம்புட்டுப் பெரிசு, நம்ம தெருவை அடைச்சு நிக்கும், என்றேன், சிரித்தாள், சிரித்த வாயை மூடாமலே அழுதாள், இப்ப மருந்து வந்திருச்சு தாயி, குறுகுறுத்ததும் ஊசி போட்டா கசிவு நின்னுரும், எனக்கு அது வரதுக்குள்ள மூட்டு தேஞ்சுபோச்சு, அவன் ஓடுவான், என்று நான் சொல்லச் சொல்ல அவள் ஐஸை இடது முட்டிக்கு மாற்றினாள், அதுவும் உப்ப ஆரம்பித்திருந்ததை நான் சொல்லியிருக்கவில்லை.

அப்பா, பொறக்காமலே இருந்திருக்கலாம்னு என்னைக்காவது நெனச்சிருக்கீங்களா, என்று தலையைக் குனிந்தபடியே கேட்டாள், பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்து நின்றது, அவள் முகத்தைப் பார்த்து அது திரும்பிப் போயிற்று, நெனச்சிருக்கேன் தாயி, வலி உச்சத்துல இருக்கும்போதெல்லாம் நெனச்சிருக்கேன், அப்புறம் எங்கயாச்சும் காப்பி கொதிக்கிற வாசம் வரும், எனக்கும் ஒரு டம்ளர்னு கேட்டுருவேன், அம்புட்டுத்தானா என்கிறாள், அம்புட்டுத்தான், முட்டியில் வழிந்த தண்ணீரை முந்தானையால் துடைத்தாள், பிறகு, சரி, பெத்துக்கிடுறேன், என்று என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள், உள்ளேயிருந்து ஒரு சின்னக் கால் என் உள்ளங்கையை உதைத்தது, நல்ல உறுதியான முட்டி.

பிள்ளைகளுக்கும் இது போய்ச் சேரும் என்று பயந்து நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை, மதிவதனி பிறக்கவே இல்லை.