நெல்லிமேடு, கடைசிப் பாயிண்ட்

ஓட்டுக் கேட்டு ஊர் ஊராகப் போகிற வண்டிகளில் முதலில் போவது பைலட் ஜீப். அதில் டிரைவருக்குப் பக்கத்து சீட் முப்பது வருஷமாகச் சாமுவேலுடையது. உத்திரமேரூர் தொகுதியில் எந்த ஏரிக்கரை லாரியைத் தாங்கும், எது ஜீப்புக்கே சரியும், எந்த ஊரில் மேலத்தெருவில் முதலில் நிறுத்தினால் கீழத்தெருவில் செருப்பு பறக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். கட்சியில் அவனுக்குப் பதவி கிடையாது. வழி தெரிந்தவன், அவ்வளவுதான்.

தொகுதி பெரியது. வாலாஜாபாத் பக்கம் பாலாறு, பெருநகர் பக்கம் செய்யாறு, நடுவில் ஏரிகளும் நெல்லும். ஒரு வேட்பாளர் எல்லா ஊரையும் ஒருமுறை மிதிக்கப் பதினைந்து நாள் ஆகும். மிதித்தவர் ஜெயித்த பிறகு மறுபடி வருவது நன்றி சொல்ல ஒருமுறை, அதுவும் பாதி ஊருக்கு. சாமுவேல் முதல் ஓட்டுப் போட்டபோது எம்.பி. தொகுதியின் பெயர் செங்கல்பட்டு. பிறகு அது காஞ்சிபுரம் ஆயிற்று. அப்புறம் மாவட்டத்தையே இரண்டாக்கினார்கள். யார் எந்தக் கோட்டைப் போட்டாலும் அவன் ஊரான நெல்லிமேட்டுக் காலனி ஓரத்திலேயே கிடந்தது.

ஓரத்தில் கிடக்கிற ஊர்தான் பிரசாரப் பட்டியலில் கடைசிப் பாயிண்ட். ராத்திரி ஒன்பதரைக்கு என்று எழுதியிருப்பார்கள். நடுவில் மாலை, ஆரத்தி, சால்வை என்று ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பத்து நிமிஷம் போகும். வண்டி நெல்லிமேட்டுக்கு வந்து சேரும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். பத்துக்கு மேல் மைக் போடக் கூடாது. கூட நிற்கிற தேர்தல் அதிகாரியின் கேமரா ஓடிக்கொண்டிருக்கும். வேட்பாளர் திறந்த வேனில் நின்றபடி கும்பிடுவார். காலனி மொத்தமும் நின்று பதிலுக்குக் கும்பிடும். பதினாலு தேர்தல் இப்படிப் போனது.

பேச்சு இல்லையென்றால் வாக்குறுதி இல்லை. ஜெயித்த பிறகு மனுவோடு போனால் எம்.எல்.ஏ.வின் உதவியாளர் கேட்கிற முதல் கேள்வி, "எங்க சொன்னாரு? வீடியோ கீதா?" என்பதுதான். வீடியோ இருக்கிற ஊர்கள் ஒரு நோட்டில் ஏறும். நெல்லிமேடு ஏறியதே இல்லை.

காலனிக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. அதற்கு ஒரு பாலம் வேண்டும். இதுதான் விஷயம். போன ஐப்பசியில் ஓடை ஒன்பது நாள் ஓடியது. கம்பெனி பஸ்ஸுக்குப் போகிற பதினாலு பெண்கள் ஒன்பது நாளும் போகவில்லை. கான்டிராக்ட் ஆட்கள்தானே என்று ஏழு பேரைக் கம்பெனி நிறுத்திவிட்டது. அந்த ஏழில் சாமுவேலின் மகள் சோபியாவும் ஒருத்தி. நாலு மாசம் அலைந்து வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள். சேர்ந்த அன்று அப்பனிடம் சொன்னாள்:

"முன் சீட்டுல குந்திக்கினு எல்லா ஊருக்கும் வயி காட்ற. நம்ம ஊருக்கு இன்னா காட்ன?"



இந்த முறை ஊர்ப் பட்டியலை எழுத உட்கார்ந்தபோது சாமுவேல் முதல்முறையாக ஒன்று கேட்டான். கட்சி அலுவலகத்தில் ஒன்றியச் செயலாளர் சின்னராசு விசிறிக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது ஏக்கர் நெல், இரண்டு செங்கல் சூளை.

"அண்ணா, திங்கக்கெயம நெல்லிமேட்ட மொதல்ல போட்டுக்கட்டுமா? காலைல ஏயு மணிக்கு."

"கடைசில கீற ஊர மொதல்ல போட்டா டீசல் யாரு ஊத்துவா? உங்கப்பனா?"

"அங்கருந்து அப்டியே மேல்சாத்தனூர் போயி திரும்பி வந்துர்லாம். நாலு கிலோமீட்டர்தான் கூடும்."

சின்னராசு தாளை வாங்கிப் பார்த்தார். திங்கட்கிழமை, காலை ஏழு. அதை இரண்டு முறை பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்து, கொட்டாவி விட்டார்.

"ஏயுன்னு நீதான் எழுதிக்கினே. நான் எழுதல," என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சாமுவேல் அன்று சாயங்காலமே காலனியில் சொல்லிவிட்டான். ஏழு மணிக்கு வேட்பாளர் வருவார், மைக்கில் பேசுவார், பாலம் என்று சொல்வார், எல்லாரும் இருக்க வேண்டும். காலனியில் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். எட்டு மணிக்குள் ஏரியில் நின்று, வேலையை மேற்பார்க்கிற மேட் எடுக்கிற போட்டோவில் முகம் விழுந்தால்தான் அன்றைக்கு ஆஜர். ஏழுக்கு வந்தால் சரியாக இருக்கும் என்றார்கள். அவன் பெண்டாட்டி மார்த்தாள் மட்டும் கேட்டாள்.

"மெய்யாலுமே ஏயுக்கு வந்துருவாரா?"

"நாந்தான கூட்டிக்கினு வரேன்."

திங்கட்கிழமை ஆறு மணிக்கே உத்திரமேரூரில் வேட்பாளர் தங்கியிருந்த வீட்டு வாசலில் எட்டு வண்டிகளும் நின்றன. உள்ளே வேட்பாளர் குளித்துக்கொண்டிருந்தார். பிறகு நாஷ்டா. பிறகு ஒரு போன். ஏழே முக்காலுக்குச் சட்டை மடிப்பை நீவிக்கொண்டு வெளியே வந்து, வேனில் ஒரு காலை வைத்தவர், மணியைப் பார்த்துக் காலை எடுத்துவிட்டு உள்ளே போனார்.

சாமுவேல் சின்னராசுவைப் பார்த்தான்.

"ஏயர தாண்டிடுச்சி," என்றார் அவர். "திங்கக்கெயம ஏயர டு ஒம்போது ராகு காலம். அதுல எவனாவது மொத ஊருக்கு வண்டி எடுப்பானா?"

"எனக்குத் தெரியாதுண்ணா."

"பைபிள்ல போடலியா?"

பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். ஜீப் டிரைவர் வினோத்குமாரும் சிரித்தான், பிறகு சாமுவேலின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். வேனின் பின்பக்கத்தில் பகுத்தறிவு பற்றி ஒரு வாசகம் பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் படித்து யாரும் சிரிக்கவில்லை.

சாமுவேலின் வீட்டில் மாட்டியிருப்பது சபையில் கொடுத்த காலண்டர். அதில் நாளுக்கு ஒரு வசனம் இருக்கும், ராகு காலம் இருக்காது. முப்பது வருஷத்தில் முதல் ஊருக்கு நேரம் குறித்தது எப்போதும் வேறு யாரோ. வழி மட்டும்தான் அவன் வேலை. நேரம் அவன் வேலையாக இருந்ததில்லை.

எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மார்த்தாள் போன் செய்தாள்.

"எங்க கீற?"

"இங்கதான். ஒம்போதுக்குதான் எடுப்பாங்களாம்."

அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு பொம்பளை, "வர மாட்டான்னு நான் அப்பவே சொன்னேன்ல," என்பது கேட்டது.

"மேட்டு கூப்புடுது. நாங்க ஏரிக்குப் போறோம்," என்று மார்த்தாள் போனை வைத்தாள்.

ஒன்பது அடித்து இரண்டு நிமிஷத்தில் வண்டிகள் கிளம்பின. பத்து மணி சுமாருக்கு ஓடையில் இறங்கி ஏறின. சித்திரை வெயிலில் ஓடை வெறும் மணல். ஒவ்வொரு வண்டியும் டயர் பதியாமல் ஏறிப் போய்விட்டது. தேர்தல் எப்போதும் கோடையில்தான் வருகிறது, அதனால் எந்த வேட்பாளரும் அந்த ஓடையில் தண்ணீரைப் பார்த்ததில்லை.

காலனியில் பதினோரு பேர் இருந்தார்கள். சாமுவேல் எண்ணினான். நடக்க முடியாதவர்கள் ஆறு, நைட் ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் நாலு, கைக்குழந்தையோடு ஒருத்தி. நாய்கள் தனி.

வேட்பாளர் மைக்கைப் பிடித்தார். "ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பானையில் ஓலை போட்டுத் தேர்தல் நடத்திய மண் இது," என்று ஆரம்பித்தார். எல்லா வேட்பாளரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நிலமும் வேதமும் உள்ளவன் பெயரைத்தான் ஓலையில் எழுதினார்கள் என்று கல்வெட்டு இருக்கிற உத்திரமேரூர்க் கோயிலுக்கு வருகிற டூரிஸ்டுகளிடம் கைடு சொல்வதைச் சாமுவேல் பலமுறை கேட்டிருக்கிறான். நெல்லிமேட்டுக்காரன் பெயர் அந்தப் பானைக்குள் விழுந்திருக்க வழியில்லை. வேட்பாளர் சுற்றிப் பார்த்தார். அடுத்த வரியை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மைக்கைக் கீழே இறக்கினார்.

"ஆளே இல்லாத ஊர மொத பாயிண்டா போட்டவன் எவன்யா?" என்று கேட்டார்.

சின்னராசு கண்ணால் காட்டினார். சாமுவேல் வேனுக்குக் கீழே போய் நின்றான்.

"ஐயா, எல்லாம் ஏயு மணிக்கு இருந்தாங்க. வேலைக்குப் போய்ட்டாங்க. ஓடைக்குப் பாலம் கட்டித் தரேன்னு ஒரு வார்த்த மைக்ல சொல்லிட்டீங்கன்னா..."

வேட்பாளர் திரும்பி ஓடையைப் பார்த்தார். "அதுலயா? தண்ணியே இல்லியே."

"இப்ப இருக்காதுங்க. ஐப்பசில வரும்."

"சரி, பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். முப்பது வருஷத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்து சாமுவேல் பார்த்ததில்லை. மைக்செட்காரன் பாட்டைப் போட்டான். வண்டிகள் உறுமின. சாமுவேல் ஜீப்பில் ஏறவில்லை.

"அண்ணா, ஏறு. டைமாவுது," என்றான் வினோத்குமார்.

"நீ போ."

"நான் போயி? எனக்கு இன்னா வயி தெரியும்?"

பின்னாலிருந்து சின்னராசு கத்தினார். "அவன் கெடக்கறான். போன்ல மேப் போட்டுக்கோ. இன்னா, அவன் இல்லன்னா ஊர் ஓடிப் போயிடுமா?"

ஜீப் போயிற்று. காலனிச் சர்ச்சுக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரியும். மேல்சாத்தனூருக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். போனில் ஏரிக்கரையும் ரோடு மாதிரிதான் கோடாகத் தெரியும். ஜீப் இடது பக்கம் திரும்பியதைச் சாமுவேல் பார்த்தான். கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரம்தான். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். எட்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறின. முக்கால் கிலோமீட்டரில் மதகு. போன மழையில் மதகுக்கு அப்பால் கரை உடைந்து போனது, யாரும் கட்டவில்லை.

கால் மணி நேரத்தில் வினோத்குமார் போன் செய்தான்.

"அண்ணா, வயி முடிஞ்சிபோச்சி. திருப்ப எடம் இல்ல. கீய ஏரிக்குள்ள ஒரே பொம்பளைங்க, மம்பட்டியோட மேல ஏறி வராங்க. ஐயா பேஜாராயிட்டாரு."

அதற்குள் ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. ஏரியைத் தாண்டி வேட்பாளரின் குரல் வந்தது. காற்று வாக்கியங்களைத் தின்றுவிட்டு ஒன்றிரண்டு சொற்களை மட்டும் விட்டது. தாய்மார்கள். நிச்சயம். பாலம். மறுபடி ஒருமுறை பாலம். அப்புறம் கைதட்டு.

மார்த்தாளின் போன் வந்தது. மூச்சு வாங்கினாள்.

"சொல்லிட்டாருய்யா. சொன்னாத்தான் வுடுவோம்னு நம்ம தெரு சித்தம்மா வண்டி முன்னால குந்திக்கினா. நெல்லிமேட்டு ஓடைக்குப் பாலம் கட்டித் தரேன்னாரு. மைக்லியே சொன்னாரு."

"வீடியோ?"

"மேட்டு எடுத்துச்சி. அது ஒன்னுகிட்டதான டச் போன் கீது."

"அதாண்ட கேளு. வீடியோவா, போட்டோவா?"

அவள் யாரிடமோ கேட்டாள். அவர்கள் பேசிக்கொண்டது கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"போட்டோவாம். ஆஜருக்கு எடுக்கற மாறியே எடுத்துட்சாம். எடம், டைம் எல்லாம் கீய வியுந்து கீதாம்."

சாமுவேல் போனைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு கரையைப் பார்த்து நடந்தான்.

வேனில் வேட்பாளரின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வண்டிகளுக்குப் பக்கத்தில் ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது. சின்னராசு அவனைப் பார்த்ததும் கீழே இறங்கி வந்தார்.

"வேணும்னேதான் வுட்ட?"

"மேப்புதான் வுட்டுச்சி," என்றான் சாமுவேல். வேனருகே போனான். "ஐயா, எட்டு வண்டியும் ரிவர்ஸ்லதான் போவணும். ரெண்டு எடத்துல கரை நெகியும். எங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னால இன்னொருவாட்டி அத சொல்லிடுங்க. அந்தம்மா போட்டோதான் புடிச்சிது, அதுல பேச்சு வராது."

தன் போனைத் தூக்கிப் பிடித்தான். சின்னராசு போனைத் தட்டிவிடக் கையைத் தூக்கினார். கரைச் சரிவில் மம்பட்டியோடு எழுபது எண்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கையை இறக்கிக்கொண்டார்.

வேட்பாளர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபம் இருந்தது, ஆனால் இன்னும் ஒன்பது ஊர் பாக்கி. மைக் இல்லாமல், மேடைக் குரல் இல்லாமல், வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னார். "நெல்லிமேட்டு ஓடைக்கு நான் பாலம் கட்டித் தரேன். போதுமா?"

வீடியோ பதினோரு வினாடி. அதில் நாலு வினாடி காற்றுச் சத்தம். சாமுவேல் அங்கேயே ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டு, சோபியாவுக்கும் மார்த்தாளுக்கும் மேட்டுக்கும் அனுப்பினான். மார்த்தாளின் போன் பட்டன் போன். அதில் போகாது என்பது அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் வண்டிகளைப் பின்னால் எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் நின்று, "வா, வா, ஒடிக்காத, வலது பக்கம் வராத," என்று கையைக் காட்டிக் காட்டிக் கத்தியதில் சாமுவேலுக்குத் தொண்டை கட்டிப் போனது. கடைசியாக ஜீப் தப்பித்தது.

"கட்டிடுவாரா?" என்று கேட்டாள் மார்த்தாள். பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். முழங்கால் வரை ஏரிச் சேறு.

"தெரியல. நோட்ல ஏறும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பாதை பிரிகிற இடத்தில் ஜீப் தயங்கி நின்றது. வினோத்குமார் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான்.  வலது பக்கம் என்று சாமுவேல் கையைக் காட்டினான், ஜீப் திரும்பிப் போனது. ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஏறியிருப்பான். ஒன்பது ஊருக்கும் வழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.