நாலாம் நாள் தீனி

மகளுடைய பிரசவத்துக்காக விமானம் ஏறியபோது, மூன்று மாதம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள் கண்ணாடிக்காரரின் மனைவி. மூன்று ஆறாகி, ஆறு ஒரு வருஷமாயிற்று. மகளுக்கும் மருமகனுக்கும் வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. பேத்திக்குப் பல் முளைத்தது, நடந்தாள், பேசவும் ஆரம்பித்தாள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. யார் மேலும் பழி போட முடியாத விஷயம் என்பதால் கண்ணாடிக்காரர் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

கடைவீதியில் அவருக்கு ஒரு சின்னக் கடை. மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்த்துச் சட்டத்தில் பொருத்தித் தருவது முப்பது வருஷத் தொழில். அங்கே ஆட்கள் வருவார்கள், போவார்கள், பொழுது தெரியாது. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதுதான் என்னவோ போலிருக்கும். காலையில் குடித்துவிட்டு வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

ஊருக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர், உடைந்த சட்டத்தைச் சரிபண்ண வந்தவர், பேச்சோடு பேச்சாக, "நாலு கோழி வளருங்களேன், வீட்ல சத்தமாவது இருக்கும்" என்றார். அடுத்த வாரம் பெட்டியில் போட்டு நாலையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு யோசனையும்.

"தீனிய அப்படியே போடாதீங்க. தண்ணில ஊறவெச்சுப் புளிக்க விட்டுக் குடுங்க. கொஞ்சமா தின்னும், நல்லா செரிக்கும், முட்டை ஓடும் கெட்டியா இருக்கும்."

கண்ணாடிக்காரர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. உடைத்த சோளம், கோதுமை, தவிடு மூன்றையும் கலந்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, வேளைக்கு ஒரு தரம் மரக்கரண்டியால் கிளறிவிட வேண்டும். மூன்றாம் நாள் நுரை கட்டும். நாலாம் நாள் இதமான புளிப்பு வாசம் வந்ததும் வடிகட்டிப் போடலாம். வடித்த தண்ணீரில் கொஞ்சத்தை அடுத்த ஊறலில் சேர்த்தால் சீக்கிரம் புளிக்கும். உலோகப் பாத்திரம் ஆகாது என்று சொல்லியிருந்ததால், மனைவி மாவு போட்டு வைக்கும் பெரிய கண்ணாடி ஜாடியை அலமாரியிலிருந்து எடுத்தார். கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம். கேட்கவில்லை.

முதல் ஊறலுக்கு மூடியை இறுக்கி மூடிவிட்டார். மூன்றாம் நாள் விடியற்காலையில் மூடி 'டப்'பென்று கிளம்பிக் கூரையில் மோதி விழுந்தது. அடித்துப் பிடித்து ஓடிவந்து பார்த்தால் சுவரெல்லாம் தவிடு. பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்னண்ணே, வீட்ல சாராயம் காய்ச்சுறீங்களா? சொன்னா நாங்களும் வருவோம்ல?"

அன்றைக்கு முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தார். சாயங்காலம் மனைவி கூப்பிட்டபோது, கதையை நடுவிலிருந்து தொடங்கிவிட்டு, பிறகு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். "சரிங்க, பாப்பா எழுந்துட்டா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். மூடி கூரையில் மோதிய இடத்துக்குக் கதை வந்துசேரவே இல்லை.

அதற்குப் பிறகு மகள், "அப்பா, கடையை மூடிட்டு இங்கேயே வந்துடுங்களேன்" என்று கேட்டபோதெல்லாம் அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: "கோழிய யாரும்மா பாத்துக்குவாங்க? தீனிய வேளாவேளைக்குக் கிளறணுமே." மகள் சிரிப்பாள். பின்னால் யாரோ கூப்பிட, பேச்சு அத்தோடு முடியும்.

மகளுக்கு லீவு கிடைத்ததால் மனைவி இருபது நாள் ஊருக்கு வருகிறாள் என்று சேதி வந்ததும், அவர் நாட்காட்டியைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டார். பண்ணைக்காரரிடம் ஒன்பது முட்டை வாங்கி, அடைக்கு உட்கார்ந்திருந்த கோழியின் கீழே வைத்தார். குஞ்சு பொரிக்கும் இருபத்தோராம் நாள், அவள் வரும் நாளுக்கு மறுநாளாக விழுந்தது. வீட்டை இரண்டு தரம் கழுவினார். மாவு ஜாடியைப் பற்றி அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து, என்ன சமாதானம் சொல்வது என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தார். உண்மையில் அந்தச் சண்டைக்காக அவர் ஆசையோடு காத்திருந்தார் என்றே சொல்ல வேண்டும்.

அவள் வந்தாள். சமையலறைக்குள் போனாள். ஜன்னலோரம் நுரை கட்டி நின்ற ஜாடியைப் பார்த்தாள்.

"இதுலயா ஊறப்போடுறீங்க? நல்லது" என்றாள். பிறகு திரும்பி, "சர்க்கரை எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

கண்ணாடிக்காரர் சர்க்கரை டப்பாவை எடுத்துக் கொடுத்தார். முன்பு அவள் எங்கே வைத்திருந்தாளோ அதே தட்டில்தான் அது இருந்தது.

மறுநாள் ஏழு குஞ்சு பொரிந்தது. இரண்டு முட்டை கூமுட்டை. குஞ்சுகளுக்கென்று மாவாகத் திரித்த தீனியைத் தனியாக, ஒரே நாள் ஊறவைத்து, கெட்டிக் கூழ் பதத்தில் தட்டையான தட்டில் வைத்தார். மனைவி ஆள்காட்டி விரலால் அதைத் தொட்டுக் காட்ட, ஒரு குஞ்சு அவள் விரலையே கொத்தியது. "ஐயோ, பாப்பா மாதிரியே பண்ணுது!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டு வெகுநாளாகியிருந்தது. ஆனால் உடனே ஃபோனை எடுத்துப் பேத்திக்கு அனுப்பப் படம் பிடித்தாள். அவள் உடம்பு இங்கே இருந்தாலும் கடிகாரம் இன்னும் அங்கேதான் ஓடியது. பகலெல்லாம் தூங்கினாள். முழித்திருக்கிற நேரம் பேத்தி சாப்பிட்டாளா, குளித்தாளா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் பேசுவதைக் கேட்டபடி கண்ணாடிக்காரர் தாழ்வாரத்தில் தீனி கிளறினார். தனியாக இருந்த இரண்டு வருஷத்தில்கூட வீடு இவ்வளவு பெரியதாக அவருக்குத் தோன்றியதில்லை.

பத்தாம் நாள் அவளே, "எங்கேயாவது போயிட்டு வரலாமா?" என்றாள். காலையில் கிளம்பி, பஸ் ஏறி, ஏரிக்கரைக்குப் போனார்கள். கல்யாணமான புதிதில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து, வேர்க்கடலை தின்றார்கள். கூரையில் மோதிய மூடியின் கதையை அவர் முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். திரும்ப வீட்டுக்கு வரச் சாயங்காலமாகிவிட்டது.

முந்தின நாள் கூழ் வைத்த குஞ்சுத் தட்டை எடுத்துக் கழுவாமல் போனது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாள் முழுக்க வெயில் அடித்திருந்தது. மிச்சக் கூழின் மேலே கறுப்பாகப் பூசணம் பூத்து, நாற்றம் குடலைப் பிடுங்கியது. புளிப்பு வாசம் வேறு, கெட்ட வாசம் வேறு, மூக்கு சொல்லிவிடும். குஞ்சுகளுக்கு அது தெரியவில்லை. மூன்று குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் நின்றன. மறுநாள் மதியத்துக்குள் மூன்றும் போய்விட்டன.

மதில் ஓரம் குழி தோண்டினார். மனைவி பக்கத்தில் நின்றாள்.

"என்னாலதானே?"

"சேச்சே. தட்டை எடுக்காதது நான்தான்."

"நான் கூப்பிடாம இருந்திருந்தா எடுத்திருப்பீங்க." குழிக்குள் ஒரு பிடி மண்ணைத் தள்ளிவிட்டு, "என்கூட வந்துடுங்க. கோழிய டிரைவர்கிட்ட விட்டுடலாம்" என்றாள்.

"பாக்கலாம்."

"ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டே இருக்கீங்க. கோழி வர்றதுக்கு முன்னாடியும் பாக்கலாம்னுதான் சொன்னீங்க. என்கிட்ட என்ன மறைக்கிறீங்க?"

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைத்தார்.

"கோழி வாங்குறதுக்கு முன்னாடி மக வீட்டுக்கு வந்தப்ப ஒரு மாசம் அங்க சோபாவுல உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. தண்ணி வேணுமாப்பா, டிவி போடட்டுமாப்பான்னு. ஆனா எனக்குன்னு ஒரு வேலை இல்லம்மா. அங்க நான் விருந்தாளி." கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: "இப்ப இங்க நீ சர்க்கரை எங்கேன்னு கேக்குற."

அவள் முகம் மாறியது. கோபம் வரும் என்று நினைத்தார். வரவில்லை.

"அப்ப நம்ம ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் விருந்தாளியாத்தான் இருக்கணும்போல" என்றாள். அவர் கையிலிருந்த மண்ணைத் தன் முந்தானையால் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

மிச்ச நாட்களில் இருவரும் முன்னைவிட அன்பாகவே இருந்தார்கள். யாரும் யாரையும் கெஞ்சவில்லை. இருபதாம் நாள் அவள் போனாள்.

அடுத்த வருஷம் அவளால் வர முடியவில்லை. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். கொண்டுபோய் விடவும் கூட்டி வரவும் ஆள் வேண்டியிருந்தது. அதனால் கோழிகளையும் வீட்டுச் சாவியையும் டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணாடிக்காரர் போனார். பதினெட்டு நாள். விருந்தாளியாகத்தான் போகிறோம் என்று தெரிந்தே போனதால் சோபா அவ்வளவு குத்தவில்லை. பேத்தியின் பொம்மைக்குக் கம்பியில் ஒரு கண்ணாடி செய்து போட்டார். விமான நிலையத்தில் மனைவி, "மாத்திரையை மறக்காதீங்க" என்றாள். "நீயும்தான்" என்றார்.

ஊர் திரும்பியதும் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் நேரே கூண்டுக்குப் போனார். கோழிகள் கொழுகொழுவென்று இருந்தன. டிரைவர் ஒரு கூடை முட்டையோடு வந்தார்.

"எப்படிப்பா இருந்துச்சுங்க?"

"சூப்பரா இருந்துச்சுண்ணே. நீங்க சொன்ன மாதிரியே கிளறினேன். நீங்க இல்லைன்னு ஒரு வேளை தின்னாம இருக்கணுமே, ம்ஹூம்! உங்களத் தேடவே இல்ல."

"நல்லது" என்றார் கண்ணாடிக்காரர். "ரொம்ப நல்லது."

டிரைவர் போன பிறகு சமையலறைக்குள் வந்தார். ஜாடி ஜன்னலோரம், வெளிப்பக்கம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. எந்தத் தேதியில் ஊறப்போட்டது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருந்தான் அந்த மனுஷன். இவருக்குத் தோன்றாத ஏற்பாடு. மூடிக்குப் பதிலாக ஜாடி வாயில் கட்டியிருந்த துணியை விலக்கிப் பார்த்தார். பொடிப்பொடியாக நுரை ஏறிக்கொண்டிருந்தது. வாசம் சரியாக இருந்தது. காலையில்தான் கிளறியிருக்கிறான், ஓரமெல்லாம் ஈரம் காயவில்லை. இனி சாயங்காலம் கிளறினால் போதும்.

மரக்கரண்டியை எடுத்து, இன்னொரு தரம் கிளறினார்.